எச்சில் தொட்டு

"யாரு இது? படத்துல எச்சில் தொட்டுத் தேச்சது யாரு?"

பாலர் வகுப்பில் சூசைமேரி டீச்சர் அட்டைப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். மத்திகிரியில் அந்த வகுப்பு ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது. நல்ல பழக்கங்களைச் சொல்லும் அந்தப் புத்தகம், சேலத்திலிருந்து வந்த டீச்சரே வரைந்து, வர்ணம் தீட்டி, தைத்து எடுத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பிள்ளைகள். நல்ல பிள்ளைக்குத் தலையில் ஒரு பூ. கெட்ட பிள்ளைமேல் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடு.

பெரியவர்களுக்கு இடது கையால் தண்ணீர் கொடுக்கும் பிள்ளைமேல் இருந்த கோடுகளைத்தான் யாரோ தேய்த்துவிட்டார்கள். பாவம், அதன் முகமெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது.

"நான்தான்" என்று எழுந்து நின்றாள் பூவம்மா. ஐந்து வயது. விரல் நுனியில் இன்னும் சிவப்பு இருந்தது. அதை மறைக்கக்கூடத் தெரியவில்லை.

"ஏன் கண்ணு அழிச்சே?"

"அது கெட்ட புள்ள இல்ல டீச்சர்."

மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குத் தாசில்தார் சம்சாரம் வகுப்பைப் பார்க்க வருகிறார். அவர் நல்லபடியாக நாலு வார்த்தை சொன்னால்தான் வகுப்பு தொடர்ந்து நடக்கும். அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து வரவேற்க பூவம்மாவைத்தான் பொறுக்கி வைத்திருந்தாள். கணீரென்று பேசுகிற பிள்ளை அது ஒன்றுதான். பூவம்மாவும் இருக்கிற ஒரே நல்ல பாவாடையைத் துவைத்துத் தரச் சொல்லி அம்மாவை இரண்டு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, விருந்தாளி விளையாட்டு விளையாடலாம். நஞ்சம்மா, நீங்கதான் விருந்தாளி."

ஆயா நஞ்சம்மா முக்காலியில் உட்கார்ந்து, தாசில்தார் வீட்டம்மா மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பூவம்மா தண்ணீர் டம்ளரோடு வந்தாள்.

"வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க."

எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தது. டம்ளரை மட்டும் இடது கையால் நீட்டினாள். வலது கை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"வலது கை!" என்று அதட்டினாள் டீச்சர்.

மறுபடியும் இடது கைதான் நீண்டது.

"நொட்டாங்கைப் பழக்கமோ என்னமோ" என்றாள் டீச்சர்.

"அதெல்லாம் இல்லீங்க டீச்சரம்மா. சோறு திங்கிறது, பலப்பம் புடிக்கிறது எல்லாம் வலது கைதான். யாருக்காச்சும் எதையாச்சும் குடுக்கிறப்பதான் இந்த வீம்பு" என்றாள் நஞ்சம்மா.

"யாரு பூவம்மா உனக்கு இப்படிக் குடுக்கச் சொல்லித் தந்தது?"

"எங்கப்பா இப்படித்தான் குடுப்பாரு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. பிள்ளையைச் சொல்லி என்ன செய்ய, வளர்ப்பு அப்படி!

"அந்த ஆளு யாரு நஞ்சம்மா?"

"நான் பாத்ததில்லீங்க. அஞ்செட்டிப் பக்கமிருந்து புதுசா வந்து குடியிருக்காங்கோ. ராத்திரி வாட்ச்மேன் வேலையாம், பகல்ல தூங்குவாராட்டம் இருக்குது. புள்ளையக் கொண்டாந்து விடறது அம்மாதான்."

"சாயங்காலம் அவரையே வரச் சொல்லுங்க. நாளைக்குப் பழத்தை வேற பிள்ளை குடுக்கட்டும். அந்தம்மாவுக்கு இடது கையால நீட்டினா, வகுப்பையே இழுத்து மூடிடுவாங்க."

பூவம்மாவின் உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் என்று பார்த்தால் அழவில்லை. "பரவால்ல" என்று சொல்லிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கண் மட்டும் மேஜைமேல் இருந்த எலுமிச்சம்பழத்தை விட்டு நகரவில்லை. டீச்சருக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் வகுப்பு போய்விட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லவா நஷ்டம்?

சாயங்காலம் வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. அழிந்த கோடுகளை மறுபடி போடுவதற்காக டீச்சர் குனிந்து சிவப்பு வர்ணத்தைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"பூவம்மா அப்பாவுங்க. தீர்த்தகிரி."

கோபத்தில் அவள் தலையைத் தூக்கவே இல்லை. "பெரியவங்களுக்கு எதைக் குடுத்தாலும் வலது கையால குடுக்கணும்னு வீட்டுல சொல்லித் தர மாட்டீங்களா?"

"தினமும் சொல்றேனுங்க. 'டீச்சரம்மா சொன்னபடி கேளு கண்ணு'ன்னு கெஞ்சிக்கூடப் பாத்துட்டேன். 'அப்ப நீயும் கெட்டவனாப்பா, உம்மேலயும் கோடு போடுவாங்களா'ன்னு கேக்கறாளுங்க. நான் என்னான்னுங்க பதில் சொல்றது?"

"வாயால சொன்னாப் போதுமா? நீங்க செய்யறதைப் பாத்துத்தானே பிள்ளை கத்துக்குது. நீங்க மொதல்ல வலது கையால குடுத்துக் காட்டுங்க!" என்று வெடுக்கென்று நிமிர்ந்தாள் டீச்சர்.

வாசலில் நின்றவர் இடது கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து வணங்கினார். பர்மா சண்டைக்குப் போய்வந்த பழைய காக்கிச் சட்டையின் வலது கை, உள்ளே ஒன்றும் இல்லாமல், தோள்வரை மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தது.

டீச்சர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, படத்தில் மிச்சமிருந்த சிவப்பைத் தானே எச்சில் தொட்டு அழித்தாள், "நாளைக்குப் பழத்தைப் பூவம்மாவே குடுக்கட்டுங்க, அவ அப்பா குடுக்கிற மாதிரியே."