ஞானதுரையிடம் ஒரு வார்த்தை

எந்த ஊருக்குக் குடை அனுப்பலாம் என்று குடைக் கம்பெனி முதலாளி ராவுத்தர், மேனேஜர் ஞானதுரையைத்தான் கேட்பார். அவரும் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டென்று சொல்வார். முடிவெடுக்க யோசனை சொல்லும் கம்ப்யூட்டர் வந்ததும் முதலாளி நாற்காலியை அதன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஞானதுரைக்கு வயிறு எரிந்த எரிச்சலில் சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டு உருகிவிட்டன.

ஒருநாள் முதலாளி அவரிடம் வந்தார். “மதுரைக்கு லோடு அனுப்பலாமாவே?”

“ஏன் முதலாளி, உங்க பெட்டி லீவா?”

“அதுதான்வே கேக்கச் சொல்லுது. உம்ம வார்த்தை இல்லாம அதால முடிவு சொல்ல முடியாதாம்.”

ஞானதுரை பெட்டியை ஏளனமாகப் பார்த்தார். “மழையே கிடையாது. வேண்டாம்.”

“ஏலே, மதுரைக்கு ரெண்டு லாரி கட்டுங்க” என்று முதலாளி குடோன் பக்கம் குரல் கொடுத்தார்.

“வேண்டாம்னுல்லா சொன்னேன்?”

“ஆமாவே. நீர் சொல்லுறதுக்கு நேர் எதிரா செஞ்சா நட்டமே வராதாம். உம்மை எக்காரணம் கொண்டும் வேலையை விட்டு அனுப்பிரக் கூடாதுன்னும் சொல்லுது. சரி, தூத்துக்குடிக்கு?”

மனதில் பட்டதைச் சொன்னால் பெட்டிக்குப் பேர். மாற்றிச் சொன்னால் பெட்டியோடு கம்பெனியும் முழுகும்.

“யோசிக்கணும் முதலாளி” என்றார் ஞானதுரை. அத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.