இளகாத கிளட்ச்

கொல்கத்தாவில், பாலிகஞ்ச் அடுக்ககத்தின் வாசலில் நின்ற காருக்குள், ராஜ்மோகன் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார்.

“எண்பத்தி ஒண்ணு... எண்பத்தி ரெண்டு... இது கிளட்ச்சா, பாறாங்கல்லா? அந்த பாபிக்கு மெக்கானிக் வேலையே தெரியல!”

“புது கிளட்ச்சுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு தினம் நூறு தடவை மிதிச்சாத்தான் இளகும்னு சொன்னானே,” என்றாள் மனைவி கல்பனா.

பால் வாங்கிக்கொண்டு வந்த மாடிவீட்டு சென் ஜன்னலில் குனிந்தார். “அண்ணா, எதுக்கு இந்தப் பாடு? பேசாம ஆட்டோமேட்டிக் வாங்கிடுங்க.”

“முடியாது! துர்கா பூஜைக்குள்ள இதை வழிக்குக் கொண்டுவரலைன்னா என் பேரை மாத்திக்கிறேன். எண்பத்தி மூணு...”

கல்பனாவின் போன் அடித்தது. கேட் வரை நகர்ந்து போய் எடுத்தாள்.

“ஆன்ட்டி, பிசியோதெரபிஸ்ட் அனன்யா பேசறேன். அங்கிள் என்னைத் திட்டி அனுப்பி மூணு மாசமாச்சு. பக்கவாதம் வந்த காலை அப்படியே விடக்கூடாது. இடது காலுக்குப் பயிற்சி...”

“தினம் நூறு தடவை பண்றாரும்மா.”

“அவரா! எப்படி சம்மதிச்சார்?”

கல்பனா காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தன் கால்ல குறைன்னு அவர் ஒத்துக்கவே மாட்டார். அதான், கிளட்ச் மாத்தினதா மெக்கானிக்கைப் பொய் சொல்லச் சொன்னேன். வண்டியில இருக்கறது பழைய கிளட்ச்தான்.”

“நூறு!” காருக்குள்ளிருந்து ராஜ்மோகன் கத்தினார். “கல்பனா, இளக ஆரம்பிச்சிடுச்சு! பாபிகிட்ட சொல்லு!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்பனாவும் கத்தினாள்.

“அவன்தாங்க லைன்ல! நாளையிலேருந்து நூத்தியம்பது மிதிக்கணுமாம்!”