840 அல்ட்ரா எஸ்

காலை மணி பதினொன்று பத்து. அந்தப் பெண்மணி இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக லேப்டாப் கடைக்குள் நுழைந்தார். கையில் அதே நோட்டு, அதே பேனா.

விற்பனையாளன் விலை அட்டைகளை நேராக்குவது போல் திரும்பிக்கொண்டான். பக்கத்தில் வந்து நின்ற கேஷியர் கிசுகிசுத்தாள்.

"சொன்னேன்ல? நம்மளை வேவு பார்க்க வந்த தலைமை ஆபீஸ் ஆளுதான். லேப்டாப் வாங்க வர்றவங்க யாராவது நோட்டோட வருவாங்களா?"

இந்த மாதம் அவன் விற்றதில் இரண்டு லேப்டாப்புகள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் குடோனில் பெட்டி அடுக்கப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"வாங்க மேடம். முடிவு பண்ணிட்டீங்களா?"

"எங்க தம்பி முடிவு பண்றது? என் பொண்ணு கட்டட வடிவமைப்பு படிக்கிறா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கட்டடத்தை வரைஞ்சு குடுக்கணும். இருக்கிற லேப்டாப்புல கட்டடத்தைத் திருப்பினா திரை அப்படியே நின்னுடுது. இதைக் கோட்டை விட்டா அவளுக்கு ஒரு வருஷம் போயிடும்."

பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இருந்த இரண்டு லேப்டாப்புகளையும் காட்டினார். "இது ஓரியா எக்ஸ்ஆர் 760 பிளஸ் எம். அது ஓரியா எக்ஸ் 840 அல்ட்ரா எஸ். எது வேகம்?"

ஒரே மூச்சில் சொன்னார். கடையில் இருப்பவர்களே அந்தப் பெயர்களை அட்டையைப் பார்த்துத்தான் படிப்பார்கள். வாங்க வருகிறவர்கள் 'இந்த நீல ஸ்டிக்கர்' என்பதோடு சரி.

தலைமை ஆபீஸ் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரே வரிதான்: பெரிய எண், பெரிய வேகம். அதை ஒப்பித்து விற்ற இரண்டும்தான் திரும்பி வந்தன.

குடோனுக்குப் போவதென்றால் உண்மையைச் சொல்லிவிட்டே போகலாம் என்று தோன்றியது.

"மேடம், 840ங்கிறது போன வருஷத்து 760 சிப்புதான். சிப்பு கம்பெனிக்காரங்க பேரை மாத்தி அனுப்பிட்டாங்க."

பேனா ஓடியது. "அப்ப ரெண்டும் ஒண்ணா?"

"அதுவும் இல்ல. ரெண்டுலயும் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, சிப்புக்குள்ளயே ஒட்டுக்குடித்தனம். அந்த ஒல்லி லேப்டாப்புல சிப்புக்குப் பதினஞ்சு வாட் கரண்டுதான் தர்றாங்க. பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் மூச்சு வாங்கும். இந்தக் குண்டுல இருபத்தெட்டு வாட். ஃபேனும் பெரிசு. கட்டடம் திருப்பணும்னா 760தான்."

"எத்தனை வாட்னு எங்க போட்டிருக்கு?"

"எங்கயும் போடல."

"பிளஸ்னு இருக்கே?"

"ராம் மெமரி ரெண்டு போட்டா பிளஸ். ஒண்ணைக் கழட்டிப் பாருங்க, அதுவே பேரை மாத்திக்கும்."

"எஸ்?"

"ஸ்லிம்முங்கிறார் எங்க மேனேஜர். சூப்பருங்குது விளம்பரம். வாங்கிட்டுப் போனவர் வேற ஒண்ணு சொன்னார். பொம்பளைங்க முன்னாடி சொல்ற மாதிரி இல்ல."

பெண்மணி சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். முகம் வாடியிருந்தது.

"இப்ப அவகிட்ட இருக்கிறதும் நான் வாங்கிக் குடுத்ததுதான். பேரைப் பார்த்துத்தான் வாங்கினேன்."

அவனுக்குப் பாவமாக இருந்தது. அந்த இரக்கத்தில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"பேரைப் பார்த்தா மேடம் வாங்குவாங்க? இந்தப் பேரையெல்லாம் வெச்ச ஆள் மட்டும் என் கையில கிடைக்கணும். நிக்க வெச்சு நாலு கேள்வி கேப்பேன். அவங்க வீட்டுப் பிள்ளை இதுல உக்காந்து படம் வரைஞ்சா அப்பத் தெரியும் கஷ்டம்."

கேஷியர் பலமாக இருமினாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"குண்டையே குடுங்க" என்றார் பெண்மணி. "பில் போடச் சொல்லுங்க."

அவன் பெட்டியை எடுத்து வைத்தான். கேட்காமல் விட்டால் இன்று சோறு இறங்காது.

"மேடம், நான் பேசினதெல்லாம் ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"

"எந்த ரிப்போர்ட்?"

"நீங்க எங்க தலைமை ஆபீஸ்தானே? பேரெல்லாம் அவ்வளவு சரளமா சொன்னீங்க."

பெண்மணி பேனாவைக் கைப்பையில் போட்டு மூடினார். நாற்காலியிலிருந்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு அவன் எதிரில் நின்றார்.

"நான் சிப்பு கம்பெனியில விளம்பரப் பிரிவுல இருக்கேன் தம்பி. அந்தப் பேரெல்லாம் வெச்சது நான்தான். நாலு கேள்வின்னீங்களே, கேளுங்க."