கம்ப்யூட்டர் நோயாளி

உள்ளே நோயாளி முனகத் தொடங்கியதும் மாதவி வானொலியை அணைத்தாள். மகள் ரூபினிக்கு மருத்துவக் கல்லூரி மறுதேர்வு. விடுமுறை என்பதால் வீட்டிலிருந்தே இணையத்தில் செய்கிறாள். இதில் தோற்றால் மூன்றாம் ஆண்டை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

நோயாளி கம்ப்யூட்டருக்குள் இருப்பவர். ஒரு வாரமாக அந்த ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகுவதும், ரூபினி கேள்வி கேட்டு, மருந்து கொடுத்துக் காப்பாற்றப் பழகுவதுமாக இருந்தது. பலகைச் சுவர் வீடு. லயத்து வரிசை வீடு முழுக்கக் கேட்டது.

"செத்தும் தொலைய மாட்டேங்கிறான், தூங்கவும் விட மாட்டேங்கிறான்" என்று திட்டிக்கொண்டிருந்த மாதவியின் கணவர் நாராயணசாமி, நேற்று தஞ்சோங் காராங் டவுனுக்குப் போய் மகளுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தார். "இனிமே எனக்கு நிம்மதி லா" என்றார். அதில் என்னவென்று மாதவி கேட்கவில்லை. அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது.

இன்று செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டப் போனவர் பத்து மணிக்கே திரும்பிவிட்டார். சட்டையைப் பிழிந்தால் வேர்வை சொட்டும். ரூபினி அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு தேர்வில் உட்கார்ந்திருந்தாள்.

"நெஞ்சுல காத்து புடிச்சிக்கிச்சு. புள்ளையக் கூப்புடாத, பரீட்சை கெட்டுடும்" என்று அடுத்த அறையில் போய்ப் படுத்தார். மாதவி நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு, தூங்கட்டும் என்று வந்துவிட்டாள்.

முனகல் பெரிதானது. பக்கத்து வீட்டு வேலம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரு மாதவி, இந்த அனத்து அனத்துறது?"

"அந்தக் கம்ப்யூட்டரு ஆளுதான்க்கா."

"இன்னிக்கு நல்லாவே நடிக்கிறானே!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சற்று நேரத்தில் சத்தம் நின்றது. அந்த ஆள் செத்துப்போனால் மகளின் ஒரு வருஷம் போச்சு.

கதவு திறந்தது. ரூபினி முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"பாஸ்மா! ஹார்ட் அட்டாக். கரெக்டா கண்டுபிடிச்சேன், ஆளு பொழச்சிட்டாரு!"

"அப்பாடா! அரை மணி நேரமா என்னா முனகு முனகுனான். சத்தம் நின்னதும் போயிட்டான்னே நெனச்சேன்."

ரூபினியின் சிரிப்பு அப்படியே நின்றது. கை, கழுத்தில் தொங்கிய புது ஹெட்போனைத் தொட்டது.

"இதப் போட்டா வெளிய சத்தமே வராதேம்மா."