பதினெட்டும் பதினாலும்

“வார வருசமாவது அந்த நாலு பேரையும் மத்த பிள்ளைகளோட கலந்து உக்கார வைக்கணும் சார்.”

தலைமையாசிரியர் சங்கரசுப்பு பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். விரல் அப்படியே நின்றது.

தங்கத்தாய் இந்தப் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்த முதல் நாளே, தையல் டீச்சர் முத்துமீனாள் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்ன ஒரே புத்தி இதுதான்: “ஏட்டி, லீவு கேளு, புது நாற்காலி கேளு. அந்த நாலு பிள்ளைக சமாச்சாரத்தை மட்டும் வாயில எடுத்துராத.” தங்கத்தாய் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய காரியம்.

“இப்ப என்ன வந்துச்சு?” என்றார் சங்கரசுப்பு.

“கணக்கு வரல சார். பதினெட்டும் பதினாலும் எவ்வளவுன்னு கேட்டா, நாலும் இருநூத்திப் பன்னெண்டுன்னு எழுதுது.”

“கூடத்தான எழுதியிருக்காக. கொறைக்கலியே.” தன் தமாஷுக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

தங்கத்தாய் சிரிக்கவில்லை. “எட்டும் நாலும் பன்னெண்டுன்னு அப்படியே எழுதிருது. பக்கத்துல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு போட்டுருது. பத்தைக் கட்டிப் பக்கத்துக்குக் கொண்டுபோகத் தெரியல. மத்ததுகளுக்கு ஈர்க்குச்சியைக் குடுத்து, விரலைப் பிடிச்சுப் பத்துப் பத்தாக் கட்டச் சொல்லிக் குடுத்தேன். ஒரு வாரத்துல வந்துருச்சு. இந்த நாலுக்கும் அந்தக் குச்சியும் ஆகாது, விரலைப் பிடிக்கவும் கூடாதுன்னா நான் எப்படிச் சொல்லிக் குடுக்க?”

அவள் சொன்னது பொய்யில்லை. ரெண்டாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். அதில் அந்த நாலு மட்டும் ஜன்னலோரம் தள்ளி உட்கார வேண்டும். பொதுப் பானையில் தண்ணீர் மொள்ளக் கூடாது. அவர்களுடைய சிலேட்டைத் தங்கத்தாய் தொடவும் உத்தரவில்லை. எட்ட நின்று பார்த்து, சரி, தப்பு என்று வாயால் சொல்லலாம்.

“நேத்து பிள்ளைகளையே குச்சியா நிறுத்திப் பாத்தேன் சார். வடக்க பதினெட்டு, தெக்க பதினாலு. ரெண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேரு கைகோத்து நின்னாச்சு. வடக்க மிச்சம் எட்டுப் பேரு கையை நீட்டிக்கிட்டு நிக்குது. தெக்க மிச்சம் இந்த நாலுந்தான். எந்திரிக்கவே இல்ல. கடைசிக் குட்டி மட்டும் அரைவாசி எந்திரிச்சுட்டு, பயந்து உக்காந்துருச்சு. எட்டும் நாலும் சேரலன்னா பத்து எங்கேருந்து சார் வரும்?”

“ஏன் சேரணும்ங்கேன்?” சங்கரசுப்பு குரலைத் தாழ்த்தினார். “காலங்காலமா அப்படித்தான். தொட்டா வீட்டுக்குப் போயித் தலைமுழுகணும். ஆறு வயசுப் பிள்ளைக தெனம் தெனம் முழுகினா சளி பிடிக்காதா?”

“தீண்டாமை குத்தம்னு சட்டமே போட்டாச்சு.”

“சட்டம் டெல்லியில இருக்கு தாயி. நான் சங்கரன்கோவில்ல இருக்கேன்.”

“அந்தப் பிள்ளைக என்ன பாவம் செஞ்சுது?”

“கூட்டல் தெரியலன்னா அவுகளுக்கு என்ன கொறஞ்சுபோகும்? அவுக தாத்தா கூட்டல் படிச்சா வயலைப் பாத்தாக? பொறந்த இடம் அப்படி. நீங்களும் நானுமா மாத்தப் போறோம்?”

தங்கத்தாய்க்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஆளும் ஒரு வாத்தியாரா என்று தோன்றியது.

சங்கரசுப்பு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு. குருவிகுளத்துக் கரிசலில் கூலி வேலை பார்த்து அவளை பி.ஏ. வரை படிக்க வைத்த அப்பா சண்முகையா, இந்தத் தாளுக்காகத் தபால்காரரைக் கண்டாலே எழுந்து நிற்கிறார். அந்த வீட்டில் இதற்கு முன் யாரும் கையெழுத்துப் போட்டதுகூடக் கிடையாது.

“பள்ளிக்கூடத்தை நடத்துற மேனேஜர் ஐயாகிட்ட பேசி வாங்கி வச்சிருக்கேன். வீம்பு பிடிக்காம வாங்கிக்கோங்க. வார வருசம் அந்த நாலும் மூணாப்புக்குப் போயிரும். பிறகு உங்களுக்கு என்ன கவலை?”

“போகாது சார்.”

“என்னது?”

“மூணாப்புக்குப் போகாது. ரெண்டு எண்ணைக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நான் பாஸ் போடல.”

“லிஸ்ட்டைக் கொண்டாங்க, திருத்திருவோம். அதுக்கென்ன.”

“லிஸ்ட் காலையிலேயே தபால்ல இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போயாச்சு. நேத்து சாயங்காலம் நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டீக.”

சங்கரசுப்புவின் முகம் வெளிறிப்போயிற்று. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

தங்கத்தாய் அந்த உத்தரவை இரண்டு விரலால் அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து அவர் அலறுவது கேட்டது.

“ஏ தாயி, கொஞ்சம் நில்லு! மேனேஜர் ஐயாவோட பேரப்பிள்ளைக நாலும் பெயிலு, உங்க ஆளுக பிள்ளைக இருபத்தெட்டும் பாஸுன்னா, நான் அவுக மூஞ்சில எப்படி முழிப்பேன்?”