நீங்கள்தானா?

மனிதர்கள் ஏன் கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லித் தொலைக்கிறார்கள் என்பதுதான் செண்பகவல்லியின் முனைவர் பட்ட ஆய்வு. பேட்டி கொடுத்த மாணவி திருப்பிக் கேட்டாள். "நீங்க யார்கிட்டயும் சொன்னதே இல்லயாக்கா?"

விடுதித் தோழி ஜெசிந்தாவிடம் சொல்லியிருக்கிறாள். "என்னோடது உனக்கு, உன்னோடது எனக்கு. மாத்துன, பேச மாட்டேன்டி" என்பாள் அவள். பிறகு ஏதோ சண்டையில் பேச்சே நின்று வருடங்கள் ஓடிவிட்டன. செண்பகவல்லி தன்னுடையதை இன்னும் மாற்றவில்லை.

மாணவி போனதும், தப்பென்று தெரிந்தே, ஜெசிந்தாவின் மின்னஞ்சலில் அவளுடைய பழைய கடவுச்சொல்லான விடுதிப் பூனையின் பெயரையும் அறை எண்ணையும் அடித்தாள். திறந்துகொண்டது. எதையும் படிக்காமல் பதறி வெளியேறினாள்.

சற்று நேரத்தில் செண்பகவல்லியின் கைபேசி அதிர்ந்தது. 'செண்பகவல்லி, உங்கள் மின்னஞ்சலுக்குள் புதிய இடத்திலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார். அது நீங்கள்தானா?'

'ஆம்' என்பதைத் தொட்டாள்.