கண் தெரிகிற அட்டை

"பேஸ்பால் அட்டை சேர்க்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். மழையில் நனைந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அமெரிக்காவின் டொலிடோவில், ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளை விற்கும் கடையை இருபத்தாறு வருஷமாக நடத்தும் லொரெட்டாவுக்குக் கேள்வி புதிதல்ல. ஆனால் கேட்பவர்களுக்கு வழக்கமாகப் பத்து வயதுதான் இருக்கும்.

"ஒரு அணியைப் பிடிங்க. இல்லன்னா ஒரு வருஷத்தைப் பிடிங்க. இல்ல, ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பிடிங்க. எல்லாத்தையும் பிடிச்சீங்கன்னா, வீட்டம்மா உங்களைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க சார்."

அவர் சிரித்தார்.

"ஒரே ஆட்டக்காரர் போதும். எம்மெட் ராஸ்கோ."

அந்தப் பெயரை இதுவரை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை. மேஜைக்கடியில் குனிந்து, யாரும் கேட்காதவர்கள் வரிசையாக நிற்கும் நீளப் பெட்டியை இழுத்தாள். விரல்களால் துழாவியதில் மூன்று அட்டைகள் கிடைத்தன.

ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், படத்தின் மேல் விரல் படக்கூடாது, முதலில் மெல்லிய உறை, அதன் மேல் கெட்டி உறை. அவள் சொல்லச் சொல்ல, முதல்நாள் வகுப்புக்கு வந்த மாணவனைப் போல அவர் கவனமாகச் செய்து பார்த்தார்.

முதல் அட்டையில் ராஸ்கோ மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். முகம் பக்கவாட்டில்.

"இது வேண்டாம்."

இரண்டாவதில் ஓடிக்கொண்டிருந்தார். தொப்பியின் நிழல் பாதி முகத்தை மறைத்திருந்தது. அதையும் தள்ளிவைத்தார்.

லொரெட்டாவுக்கு மனசு கேட்கவில்லை.

"நாலு மூலையும் எப்படிக் கூர்மையா இருக்கு பாருங்க! சேர்க்கிறவங்க இதைத்தான் தேடுவாங்க."

"எனக்கு அவரு கண்ணு தெரியணும்."

மூன்றாவது, மூலை மடங்கிக் காப்பிக் கறை படிந்த அட்டை. அதில் ராஸ்கோ நேராகப் பார்த்துச் சிரித்தார். இருபத்தைந்து வயது முகம்.

அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார் அவர்.

"இது நீலமா, பழுப்பா?"

லொரெட்டா பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். இருவரும் குனிந்ததில் தலையோடு தலை முட்டாத குறை. அவள் பழுப்பு என்றாள். அவர் பச்சை என்றார். கடைசியில் பச்சை கலந்த பழுப்பு என்று ஒத்துக்கொண்டார்கள்.

இத்தனை வருஷத்தில் மூலை பார்த்திருக்கிறாள், ஓரம் பார்த்திருக்கிறாள், அச்சு விலகியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். ஒரு ஆட்டக்காரரின் கண்ணைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அட்டையைத் திருப்பினாள். இரண்டு வருஷத்து ஆட்டக்கணக்கு. எல்லாம் ஏறுமுகம்.

"நல்லாத்தானே ஆடியிருக்காரு? இதுக்கப்புறம் ஏன் இவருக்கு அட்டையே வரல?"

"பந்து பட்டுடுச்சு. ஹெல்மெட்டுக்குக் கீழ, இடது கண்ணுல." அவர் அட்டையை உறைக்குள் நுழைத்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கண்ணு போயிடுச்சு."

"அடப் பாவமே. உங்க தம்பியா?"

"இல்ல."

மடங்கிய மூலை உறையில் சிக்கிக்கொண்டது. அவர் வெளியே இழுத்து மறுபடி நுழைத்தார்.

"போன வாரம் கடிதம் போட்டிருந்தாரு, ஒரு தடவை வந்துட்டுப் போன்னு. நாப்பத்தஞ்சு வருஷத்துல முதல் கடிதம். போறதுக்கு முன்னாடி, ரெண்டு கண்ணும் இருந்த முகத்தை ஒருமுறை பார்த்துக்கணும்னு தோணிச்சு."

லொரெட்டாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கு நீங்க மைதானத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ரொம்பப் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்களோ?"

அவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்து, பித்தானைப் போட்டார்.

"உட்காரல. அவருக்கு நேரெதிர்ல, அறுபதடி தள்ளி நின்னுக்கிட்டிருந்தேன். பந்து என் கையிலதான் இருந்துச்சு."